புள்ளி வைத்த எழுத்து

பதினைந்துக்கும் ஐம்பதுக்கும்
ஒரு ‘ன்’ தான் வித்தியாசம்,
அந்த டாக்டர் இங்கிலீஷில் சொல்லும்போது.
ஃபிஃப்டீன். ஃபிஃப்டி.
மூக்கோரம் ஒட்டிக்கொண்டு நிற்கும் ஒரு மெய்.
கீழே தளவாய் கிரில் ஒர்க்ஸில்
கட்டர் இரும்புக்குள் இறங்கிய நேரம்
அது போய்விட்டது.
ஐம்பது மில்லிகிராம் என்று அடித்து அனுப்பினேன்.

திருத்துகிறவர் பிடித்துவிட்டார்,
யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.
சிவப்பில் ஒரு வரி வந்தது:
கேட்கவில்லையா, கோடு போட்டு விடு,
ஊகிக்காதே.
எங்கள் வேலையின் முதல் பாடம் அது.
கோடு கூடினால் காசு குறையும்,
இது அவர்கள் எழுதாத இரண்டாவது.

பேட்டையில் வாடகை குறைவென்று வந்த மாடி.
சன்னலில் பழைய மெத்தையைச் சாய்த்து வைத்து
சித்திரையில் இரண்டு நாள் வெந்தேன்.
பிறகுதான் வண்ணார்பேட்டைக்கு பஸ் ஏறினேன்.

“யக்கா, இதப் போட்டுப் பாருங்க,
பேஸு நெஞ்சுல வந்து இடிக்கும்.”
இடி எனக்கு வீட்டுக்கே வருது தம்பி,
ஒரு எழுத்து வேணும் என்றேன்.
கடைப் பையன் ஜெபசிங் மேலாளரைப் பார்த்தான்.

பட்டறைச் சத்தத்தை இரண்டு நிமிடம்
செல்போனில் பிடித்துக்கொண்டு போயிருந்தேன்.
கடை ஸ்பீக்கரில் போடச் சொன்னேன்.
கவர் மாட்ட வந்தவர்கள் எல்லோரும் திரும்பினார்கள்.
ஒருவர் தாடையைப் பிடித்துக்கொண்டார்.

முதலாவது காதை இடுக்கியது.
இரண்டாவது உள்ளே போய் உட்கார்ந்து
நான் வாயைத் திறந்தபோதெல்லாம் வெளியே விழுந்தது.
மூன்றாவதில் ஒரு பொத்தான்.
அமுக்கினேன், ஏசி நின்றது, ரோடு நின்றது,
நாகர்கோவில் பஸ் ஒன்று
சத்தமில்லாமல் கண்ணாடிக்கு வெளியே போனது.
மஞ்சோலைக்கு ஏறும்போது காது அடைக்குமே, அப்படி.
கட்டரின் இரைச்சலைத் துடைத்தே எடுத்துவிட்டது.
ஆனால் சுத்தியல்,
துடைத்த தரையில் விழுந்த டம்ளர் மாதிரி
முன்னைவிடத் துலக்கமாக விழுந்தது.
விலை பதினாலாயிரம்.
“தவணையும் உண்டுக்கா” என்றான் ஜெபசிங், தணிந்த குரலில்.

பஸ் ஸ்டாப்புக்கு எதிரே ஒரு ஹார்டுவேர் கடை.
ஆணி டப்பாக்களுக்கு மேலே தொங்கியது
குவாரியில் மாட்டும் மஞ்சள் காதுமூடி.
எழுநூற்றைம்பது. எழுநூறுக்குத் தந்தார்.

பழைய ஒயர் இயர்போனைச் செருகி
அதன்மேல் இதைக் கவிழ்த்தால்
அந்த டாக்டர் எச்சில் விழுங்குவது கேட்கிறது.
அவர் நாற்காலிக்கு எண்ணெய் விட வேண்டும்.
அவர் பின்னால், அந்த ஊர் ராத்திரியில்
யாரோ ஒரு தட்டைக் கீழே போடுகிறார்கள்.
அவருக்கும் ஒரு பட்டறை இருக்கும்போல.
ஃபிஃப்டீன்.
புள்ளியோடு வந்தது.

சாயங்காலம் தண்ணி மோட்டார் போட இறங்கினேன்,
மஞ்சள் கழுத்தில் தொங்க.
கட்டர் பிடிக்கிற சங்கிலிபூதம் சிரித்தான்:
“யக்கா, வெல்டிங்குக்கு வாரியளா?”
பதினோரு வருசமாய்ப் பஞ்சு வைத்த காது.
பேசினால் அடுத்த தெருவுக்கும் சேர்த்துத்தான் பேசுவான்.
“தாங்க பாப்பம்” என்று வாங்கி
பஞ்சை எடுத்துச் சட்டைப் பையில் போட்டு
மாட்டிக்கொண்டு கட்டரை ஓட்டினான்.
பொறி பறந்தது. நான் காதைப் பொத்திக்கொண்டேன்.
கழற்றிவிட்டு ஓட்டினான்.
மறுபடி மாட்டி ஓட்டினான்.
“ரெண்டும் ஒண்ணு போலத்தான இருக்கு.
எழுநூறா? நல்லா ஏமாத்திட்டாம்லா ஒங்கள!”

நுரைவட்டம் அவன் காதுச்சூட்டோடு
என் கைக்கு வந்தது.

மோட்டார் போட மறந்து மாடியேறிவிட்டேன்.
அவனிடம் நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்?
அந்த இடத்தில்
ஒரு கோடு போட்டு வைத்திருக்கிறேன்.
கீழே கட்டர் மறுபடி இறங்கியது.
மஞ்சளை எடுத்து மாட்டிக்கொண்டேன்.